5-ஆவது தேர்வு: சேஸா, சூவலா? 2021-இல் சின்சினாட்டி எடுத்த முடிவின் கணக்கு

2020 பருவத்தை 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன் என்று முடித்த சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு, 2021 என்எஃப்எல் டிராஃப்டில் 5-ஆவது இடம் வந்தது. அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி பணப்பையை வைத்து ஆடும் ஆட்டமல்ல. கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில், முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் பெயர் சொல்லும், அடுத்த அணி அடுத்து. 5-ஆம் இடத்தில் யாரை எடுத்தாலும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மொத்தச் சண்டையும் எந்த இடத்து ஆட்டக்காரர் என்பதில் வந்து நிற்கிறது.

அந்த வசந்தத்தில் சின்சினாட்டி ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி ஜமார் சேஸ்: எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தின் வைட் ரிசீவர், பந்தை ஓடிப் பிடிப்பவர். இன்னொன்று பெனே சூவல்: ஒரிகன் பல்கலைக்கழகத்தின் இடது டாக்கிள், பந்தெறிபவரைக் காப்பவர். 5-ஆம் இடத்தை வேறு அணிக்குக் கொடுத்து, கீழே இறங்கிக் கூடுதல் தேர்வுகளை வாங்கலாம் என்ற மூன்றாவது கட்சிக்குக் கூட்டம் குறைவு, ஆனால் வாதம் குறைவில்லை.

அணியின் நிலை

2020-இல் முதல் தேர்வாக வந்த குவார்ட்டர்பேக் (பந்தெறிபவர்) ஜோ பர்ரோ 10 ஆட்டங்களில் 32 முறை சாக் செய்யப்பட்டார். அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். நவம்பர் 22 அன்று வாஷிங்டனில் இடது முழங்காலின் ஏசிஎல், எம்சிஎல் தசைநார்கள் இரண்டும் கிழிந்தன. இந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் "முதலில் காவலாளியைக் கொண்டுவா" என்றுதான் தோன்றும். சூவல் கட்சிக்குப் பாதி ஆதரவு அந்த ஒரு காட்சியிலிருந்து வந்தது.

ஆனால் அதே காட்சியை நிறுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். பர்ரோவின் காலில் வந்து மோதியவர் ஜொனாதன் ஆலன். அவர் ஓரத்திலிருந்து வளைந்து வருபவரல்ல, எதிரணித் தற்காப்பின் நடுவில் நின்று இடிக்கும் தடுப்பு டாக்கிள். அவரை விட்டது இடது கார்டு. (அந்தக் கார்டின் பெயர் மைக்கேல் ஜோர்டன். கூடைப்பந்துக்காரர் அல்ல.) முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். சூவல் ஆடும் இடம் ஓரம். ஓட்டை பெரிதாக இருந்த இடம் நடு.

டிராஃப்டுக்கு முன்பே அணி சில ஆணிகளை அடித்துவிட்டது. வலது டாக்கிள் பாபி ஹார்ட்டை விடுவித்து, ரைலி ரீஃபை ஓராண்டுக்குச் சுமார் 75 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். இடது டாக்கிளில் 2019-இன் 11-ஆவது தேர்வு ஜோனா வில்லியம்ஸ் இருந்தார். ஆனால் முதல் பருவம் முழுவதையும் தோள் காயத்தில் இழந்தவர், இரண்டாவதில் 10 ஆட்டம்தான் ஆடியவர். சென்டர் டிரே ஹாப்கின்ஸ் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஏசிஎல் கிழிந்து படுத்திருந்தார். முன்வரிசைப் பயிற்சியாளராக ஃபிராங்க் பொல்லாக் திரும்ப வந்தார். ரிசீவர் பக்கம் டீ ஹிக்கின்ஸும் டைலர் பாய்டும் இருந்தார்கள், ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போய்விட்டார். ஹிக்கின்ஸ் முதல் பருவத்திலேயே 908 கெஜம் எடுத்தவர், பாய்ட் 841. கெட்ட ஜோடி இல்லை. ஆனால் எதிரணியை மிரட்டி இரண்டு பேரைத் தன் பக்கம் இழுக்கும் ஆள் அதில் யாருமில்லை.

சேஸ்: எதற்காக எடுக்கலாம், எங்கே சறுக்கலாம்

2019 பருவத்தில் 84 பிடிப்பு, 1,780 கெஜம், 20 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளி). நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. எண்ணிக்கையைவிட யாருக்கு எதிராக என்பதுதான் முக்கியம். டிரெவான் டிக்ஸ் காவல் நின்ற அலபாமாவுக்கு எதிராக 140 கெஜம். கிளெம்சனுக்கு எதிரான இறுதிப் போட்டியில் பெரும்பாலும் ஏ.ஜே. டெரெல் காவலில் 9 பிடிப்பு, 221 கெஜம், 2 டச்டவுன். டெரெல் அடுத்த டிராஃப்டில் 16-ஆவதாகப் போனவர், டிக்ஸ் 51-ஆவதாக. கல்லூரியில் பலவீனமான அணிகளை அடித்துச் சேர்த்த கெஜங்கள் அல்ல இவை.

அந்தப் பந்துகளை எறிந்தவர் பர்ரோவேதான். இதை வெறும் நட்புக் கதையாகப் பார்க்கக் கூடாது. ஓரக்கோட்டை ஒட்டி எறியும் நீளப் பந்தில், ரிசீவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ரிசீவர் எந்தத் தோள் பக்கம் திரும்புவார், காவலர் மேலே சாய்ந்தால் ஓட்டத்தை நிறுத்துவாரா தொடர்வாரா என்பதெல்லாம் பல மாதம் சேர்ந்து எறிந்து பழகுவது. அந்த மாதங்கள் ஏற்கெனவே கழிந்திருந்தன.

சேஸ் 6 அடி உயரம், ஏறத்தாழ 200 பவுண்டு. 40 கெஜத்தை 4.4 வினாடிக்குள் ஓடினார். பிடித்தபின் மறிப்பவர் கையை உதறிவிட்டு ஓடும் பலம் உண்டு. சறுக்கும் இடங்கள் இரண்டு. 2020 பருவத்தை அவர் ஆடவில்லை, ஆக மதிப்பீடு முழுக்க ஒரே ஆண்டின் படச்சுருளை நம்பியது. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் வழக்கமான நேரடிச் சோதனை முகாமும் நடக்கவில்லை. பல்கலைக்கழகங்களே நடத்திய சோதனை நாட்கள்தான். இரண்டாவது, சின்சினாட்டியின் சொந்த வடு. 2017-இல் 40 கெஜ ஓட்டத்தில் சாதனை படைத்த ஜான் ராஸை 9-ஆவதாக எடுத்து ஏமாந்த அணி இது. ஆனால் ராஸிடம் இருந்தது வேகம். சேஸிடம் இருந்தது காவலர் ஒட்டி நிற்கும்போதும் பிடிக்கும் திறம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவர்கள் தவறாக எடைபோட்டார்கள்.

சூவல்: வாதம் இன்னும் ஆழமானது

சூவலுக்கு அப்போது 20 வயது. 2019-இல், இரண்டாம் ஆண்டு மாணவராகவே, சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லேண்ட் விருதை வென்றார். சுமார் 6 அடி 5 அங்குலம், 330 பவுண்டு. அந்த உடம்போடு திறந்த வெளியில் ஓடிப்போய்க் கார்னர்பேக்கை, அதாவது ரிசீவரைக் காவல் காக்கும் வேகக்காரரை, தள்ளும் கால். இப்படிப்பட்ட டாக்கிள் ஆண்டுக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது. அவரும் 2020-ஐ ஆடவில்லை, ஆகப் படச்சுருள் குறை இருவருக்கும் சமம்.

அவரை எடுப்பதன் உண்மையான பலன் ஓரிடத்தோடு முடியாது. சூவல் இடது டாக்கிள் ஆனால் வில்லியம்ஸ் வலப்பக்கம் போகலாம். ரீஃப் உள்ளே கார்டுக்கு இறங்கலாம். ஒரு தேர்வில் மூன்று நாற்காலி நகரும். சேஸ் கட்சியினர் "ஓட்டை நடுவில்தானே" என்று சொல்லும்போது இந்தச் சங்கிலியைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆபத்து உண்டு. பக்கம் மாறுவது சின்ன விஷயமில்லை. இடது டாக்கிளின் பின்னங்கால் இடது. முதல் உதை அதில் பிறக்கிறது. வலப்பக்கம் போனால் இடுப்பு, கை, கால் மூன்றும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகும். ஒரிகனில் 20 சொச்சம் ஆட்டங்கள் இடது டாக்கிளாகவே ஆடிய சூவல், சின்சினாட்டி சேஸை எடுத்தபின் 7-ஆவதாகத் தன்னை எடுத்த டெட்ராய்ட்டில் வலப்பக்கம் பழகிய முதல் கோடையில் தடுமாறினார். பிறகு அங்கிருந்த இடது டாக்கிள் டெய்லர் டெக்கரின் விரல் காயத்தால் பருவத் தொடக்கத்தில் இடப்பக்கம் போனார், டெக்கர் திரும்பியதும் மறுபடி வலப்பக்கம். முழுமையாக ஊன்றியது அதன் பிறகுதான். சின்சினாட்டி மூன்று பேரை ஒரே கோடையில் இடம் மாற்றியிருந்தால் முதல் ஆண்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடைஞ்சல், முன்வரிசை என்ற அமைப்பின் இயல்பு. ஐவரில் நால்வர் அருமையாக நின்று ஒருவர் விட்டால் போதும், ஆட்டம் அங்கேயே முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் தன் மிகச் சிறந்த ஆளைக் கொண்டுபோய் அந்தப் பலவீனமானவர் முன் நிறுத்துவார். ஓரத்திலிருந்து வரும் நெருக்கடிக்குக் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னே ஏறித் தப்பலாம். நடு உடைந்தால் ஏற இடமே இல்லை. ரிசீவர் பக்கம் இது நேர் எதிர். ஐந்து பேர் ஓடினாலும் பந்து ஒருவருக்குத்தான் போகிறது. சிறந்தவர் ஒருவர் இருந்தாலே மற்ற நால்வரின் தரமும் ஏறிவிடும். முன்வரிசையில் சராசரியை உயர்த்த வேண்டும், ரிசீவரில் உச்சத்தை உயர்த்த வேண்டும். ஒரே ஒரு உயர்ந்த தேர்வு கையில் இருக்கும்போது அது எங்கே அதிகம் விளையும் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

கீழே இறங்கினால்?

விலை என்ன என்பதற்கு அப்போதே சந்தை நிலவரம் இருந்தது. மார்ச் 26 அன்று மயாமி 12-ஆவது தேர்வையும், அந்த ஆண்டின் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும், 2022-இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 6-ஆவது இடத்தையும் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வையும் வாங்கியது. ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் புள்ளி போடும் பழைய ஜிம்மி ஜான்சன் அட்டவணையில் 5-ஆவது இடம் 1,700 புள்ளி, 12-ஆவது 1,200. இடைவெளி 500, அதாவது 40-ஆவது தேர்வின் மதிப்பு. நிஜச் சந்தை அதைவிட அதிகம் கொடுத்தது, ஏனென்றால் ஏறி வருபவர்கள் குவார்ட்டர்பேக் பசியில் வருவார்கள்.

12 அல்லது 13-க்கு இறங்கி, நார்த்வெஸ்டர்னின் ரஷான் ஸ்லேட்டரை எடுத்து, அடுத்த ஆண்டுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வைப் பையில் போடுவது. காகிதத்தில் இதுவே சிறந்த வழி. ஸ்லேட்டரின் கை நீளம் குறைவு, கார்டாகத்தான் ஆடுவார் என்று சில அணிகள் தயங்கின; 13-ஆவதாகச் சார்ஜர்ஸ் எடுத்தது, முதல் பருவத்திலேயே நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

சிக்கல் எதிரே வாங்க ஆள் வேண்டும் என்பது. முதல் மூன்று தேர்வும் குவார்ட்டர்பேக்குகள். ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்காகச் சிகாகோ ஏறி வந்தது 11-க்குத்தான், மேக் ஜோன்ஸ் 15 வரை உட்கார்ந்தே இருந்தார். 5-ஆம் இடத்துக்கு அவசர வாடிக்கையாளர் இருந்ததற்கு அடையாளம் இல்லை. இறங்கும் திட்டம் போடும் அணி, யார் ஏறுவார் என்ற பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அது திட்டமில்லை, ஆசை.

டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று பந்தும் பிடிப்பவர்) கைல் பிட்ஸ் பற்றியும் பேச்சு இருந்தது. அட்லாண்டா 4-ஆவதாக எடுத்துவிட்டதால் அந்தக் கிளை அங்கேயே முறிந்தது.

இரண்டு தேர்வாகப் பார்க்க வேண்டும்

சேஸா சூவலா என்று தனித்தனியாக எடைபோட்டதுதான் விவாதத்தின் பெரிய கோளாறு. 5-ஆவது தேர்வோடு 38-ஆவதும் கையில் இருந்தது. ஆக உண்மையான கேள்வி: சேஸும் ஓர் இரண்டாம் சுற்று முன்வரிசைக்காரருமா, சூவலும் ஓர் இரண்டாம் சுற்று ரிசீவருமா?

அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று ரிசீவர்கள்: எலைஜா மூர் 34, ராண்டேல் மூர் 49, டிவெய்ன் எஸ்கிரிட்ஜ் 56, டூட்டூ ஆட்வெல் 57, டெரஸ் மார்ஷல் 59. பெரும்பாலும் குட்டையான, உள்பக்கம் ஆடும் ஆட்கள். கிரீன் விட்டுப்போன வெளிப்பக்க இடத்துக்கு இவர்களில் பொருந்துபவர் அரிது.

இரண்டாம் சுற்று முன்வரிசை: லாண்டன் டிக்கர்சன் 37, டெவன் ஜென்கின்ஸ் 39, லியம் ஐக்கன்பெர்க் 42, வாக்கர் லிட்டில் 45, சாம் காஸ்மி 51, டிலன் ராடன்ஸ் 53, கிரீட் ஹம்ஃப்ரி 63. இவர்களில் டிக்கர்சனும் ஹம்ஃப்ரியும் பின்னாளில் லீகின் முன்னணி உள்வரிசை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அதாவது இரண்டாம் சுற்றில் சரக்கு எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தால், முதல் சுற்றில் ரிசீவர், இரண்டாவதில் முன்வரிசை என்ற வரிசைதான் பொருந்துகிறது. சேஸ் கட்சியின் மிகப் பலமான வாதம் பர்ரோவின் நட்பு அல்ல, இதுதான்.

சின்சினாட்டி கோட்டை விட்டதும் இங்கேதான். 5-இல் சேஸை எடுத்துவிட்டு, 38-ஐ நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து 46-ஐயும் இரண்டு நான்காம் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கினார்கள். அட்டவணைப்படி 520 புள்ளியிலிருந்து 440-க்கு இறங்கி, மீதியை நான்காம் சுற்றில் ஈடுசெய்த நியாயமான பேரம். ஆனால் இறங்கிய 8 இடங்களுக்குள் ஜென்கின்ஸ், ஐக்கன்பெர்க், லிட்டில் மூவரும் போனார்கள். 46-இல் கிளெம்சனின் டாக்கிள் ஜாக்சன் கார்மனை எடுத்து, கார்டாக மாற்ற முயன்றார்கள். அவர் அந்த இடத்தில் ஊன்றவே இல்லை. புதிய இடம், புதிய நிலை, முதல் ஆண்டு: மூன்றையும் ஒரே ஆள் தலையில் ஏற்றியது தப்பு. கல்லூரியிலேயே நடுவில் ஆடிப் பழகிய ஹம்ஃப்ரி அப்போது இன்னும் மேசையில் இருந்தார். 17 தேர்வு கழித்துக் கான்சஸ் சிட்டிக்குப் போனார்.

பணக் கணக்கு

5-ஆவது தேர்வுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 3.08 கோடி டாலர், முழுக்க உத்தரவாதம். ஐந்தாம் ஆண்டைத் தக்கவைக்கும் உரிமை அணிக்கு. வெளிச் சந்தையில் அதே தரத்தை வாங்க என்ன விலை என்பதுதான் ஒப்பீடு. 2021 டிராஃப்டின்போது உச்ச ரிசீவர் விலை டிஆண்ட்ரே ஹாப்கின்ஸின் ஆண்டுக்கு 2.725 கோடி, உச்ச இடது டாக்கிள் டிரென்ட் வில்லியம்ஸ் 2.3 கோடி, வலது டாக்கிள் லேன் ஜான்சன் 1.8 கோடி. மலிவு ஒப்பந்தத்தில் அதிகம் மிச்சமாவது ரிசீவரிடம். சூவலை வலப்பக்கம் நிறுத்தினால் மிச்சம் இன்னும் சுருங்கும். ரீஃப் போன்ற சுமாரான, நம்பகமான டாக்கிள் 75 லட்சத்துக்குக் கிடைப்பார். சேஸ் போன்றவர் எந்த விலைக்கும் சந்தைக்கே வரமாட்டார்.

நான்காண்டு கழித்து இந்தக் கணக்கு திரும்பிக் கடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் சேஸின் புது ஒப்பந்தம் 4 ஆண்டுக்கு 16.1 கோடி, அதில் 11.2 கோடி உத்தரவாதம். சூவல் 2024-இல் வாங்கியது 4 ஆண்டுக்கு 11.2 கோடி, 8.5 கோடி உத்தரவாதம். ஆண்டுக்கு 1.2 கோடிக்கு மேல் வித்தியாசம். அந்தப் பணத்தில் தற்காப்பில் ஒரு நல்ல தொடக்க ஆட்டக்காரர் கிடைப்பார்.

களம் சொன்னது

2021-இல் சேஸ் 81 பிடிப்பு, 1,455 கெஜம், 13 டச்டவுன். கோடைப் பயிற்சி ஆட்டங்களில் வரிசையாகப் பந்தைத் தவறவிட்டு, என்எஃப்எல் பந்தில் வெள்ளைப் பட்டை இல்லை என்று காரணம் சொல்லிக் கேலிக்கு ஆளானவர், கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 கெஜம் எடுத்தார். பர்ரோ பந்துக்கு 8.9 கெஜம் என்ற கணக்கில் லீகிலேயே முதலிடம். அதே பர்ரோ 51 முறை சாக் செய்யப்பட்டதிலும் முதலிடம். பிளேஆஃபில் மேலும் 19. அதில் டென்னசிக்கு எதிராக மட்டும் 9. ஆனாலும் அணி சூப்பர் பவுல் வரை போய், 23-20 என்று ராம்ஸிடம் தோற்றது.

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி முயற்சியில் இரு கட்சியும் ஒருசேர ஜெயித்து ஒருசேரத் தோற்றன. நான்காவது முயற்சி, ஒரு கெஜம் தேவை. காவல் நின்ற ஜேலன் ராம்சி வழுக்க, சேஸ் ஆழத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். ராம்ஸின் தடுப்பு டாக்கிள் ஆரன் டொனால்ட் இடது கார்டைத் தாண்டி வந்து பர்ரோவைச் சுழற்றிவிட்டார். உடைந்தது மறுபடியும் நடு. ஆனால் சூவல் கட்சிக்கும் ஒரு புள்ளி உண்டு: ரீஃப் டிசம்பரில் கணுக்கால் காயத்தில் விழுந்ததால், பிளேஆஃப் முழுவதும் வலது டாக்கிளில் மாற்று ஆட்டக்காரர் ஐசாயா பிரின்ஸ்தான் நின்றார். அங்கே சூவல் இருந்திருந்தால் அந்த 19 சாக்குகளில் சில இருந்திருக்காது. எதிரே ராம்ஸின் இடது டாக்கிளாக நின்றவர் 40 வயது ஆண்ட்ரூ விட்வொர்த். சின்சினாட்டி 2017-இல் போகவிட்டவர். அவருக்கு வாரிசாக 2015-இலேயே எடுத்த செட்ரிக் ஓக்பூஹி, ஜேக் ஃபிஷர் இருவருமே தேறவில்லை. டாக்கிள் என்றால் பத்திரமான தேர்வு என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

பிறகு அணி முன்வரிசையைச் சந்தையில் வாங்கியது: 2022-இல் கப்பா, காரஸ், லாயல் காலின்ஸ், 2023-இல் ஆர்லாண்டோ பிரவுனுக்கு 4 ஆண்டுக்கு 6.4 கோடி. 2024-இல் சேஸ் பிடிப்பு (127), கெஜம் (1,708), டச்டவுன் (17) மூன்றிலும் லீகில் முதலிடம். அணி 9-8, பிளேஆஃப் இல்லை. சூவலோ 2023, 2024 இரண்டிலும் லீகின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் வலது டாக்கிள். 2024-இல் டெட்ராய்ட் 15-2.

இந்த எண்களை வைத்து டெட்ராய்ட்டே ஜெயித்தது என்பவர்கள் பொதுவாக ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள்: ஆமோன்-ரா செயின்ட் பிரவுன். சூவலை 7-இல் எடுத்த அதே டெட்ராய்ட், அவரை நான்காம் சுற்றில் 112-ஆவதாக எடுத்தது. சின்சினாட்டி 111-இல் தற்காப்பு ஓர ஆட்டக்காரர் கேமரன் சாம்பிளை எடுத்திருந்தது. ஆக சூவலும் செயின்ட் பிரவுனும் என்ற ஜோடி சின்சினாட்டிக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அதே அளவுகோலில் சேஸும் ஹம்ஃப்ரியும் எட்டும் தூரத்தில் இருந்தார்கள், அதுவும் 46-இலேயே. பின்னறிவை ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதித்தால்தான் சூவல் ஜோடி முந்துகிறது. இரண்டுக்கும் அனுமதித்தால், பர்ரோ முன்னால் ஹம்ஃப்ரி, ஓரத்தில் சேஸ் என்ற அணிதான் 2021 டிராஃப்டில் சின்சினாட்டி தவறவிட்ட அணி.